சூடு போன உரக்குவியல்

கொலை நடந்த இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்தேகால். செத்துக் கிடந்ததன் நீளம் மூன்றடி, அகலம் மூன்றடி, உயரமும் மூன்றடி. வயது நாற்பத்திரண்டு நாள்.

"இதுவா?" என்று கேட்டேன்.

"இதேதான் சார்," என்றார் ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர். "ஆரம்பத்துல உள்ளே கை விட முடியாது. அப்படிக் கொதிக்கும். காலையில பார்த்தா ஆவி பறக்கும். இப்போ தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு கிடக்கு."

என் தங்கை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் காதருகே வந்தாள். "அண்ணே, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிட்டாங்களான்னு கேளு. இந்த வாடைக்கு ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது."

நாங்கள் நின்றது அவர் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில். பலகைச் சட்டங்களுக்குள் அடைத்து வைத்திருந்த ஓர் உரக்குவியலைத்தான் மூன்று பேரும் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்த இலையும் சமையலறைக் கழிவும் சேர்ந்து மக்கி எருவாக வேண்டிய குவியல். மக்காமல் அழுகியிருந்தது.

ஒரு துப்பறிவாளன் இந்த நிலைமைக்கு எப்படி வந்தான் என்று கேட்பீர்கள். வரவில்லை. எப்போதுமே இந்த நிலைமையில்தான் இருக்கிறேன். என் தங்கையின் தையல் கடைக்குள் திரை போட்டு மறைத்த ஒரு மூலைதான் என் அலுவலகம். திரைக்கு அந்தப் பக்கம் தையல் எந்திரம் ஓடும். இந்தப் பக்கம் நான் ஓடாமல் உட்கார்ந்திருப்பேன். போன மாதம் காணாமல் போன ஒரு குடையைக் கண்டுபிடித்தேன். அது என்னுடைய குடை. டிரைவர்கூட என்னைத் தேடி வந்தவர் இல்லை. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்தவர் திரையில் குத்தியிருந்த அட்டையைப் படித்துவிட்டு, "கொலை கேஸெல்லாம் எடுப்பீங்களா?" என்று கேட்டார். நான் துள்ளி எழுந்தேன். யாரைக் கொன்றார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

"ஐயா, முதல்ல இருந்து சொல்லுங்க," என்று நோட்டைத் திறந்தேன்.

"முதல்ல சுள்ளி," என்றார். "அடியில ஒரு சாண் சுள்ளி பரப்பணும். காத்து போகணும் இல்லையா? அதுக்கு மேல காஞ்ச இலை மூணு கூடை. அதுக்கு மேல காய்கறித் தோல், டீத்தூள் மாதிரி ஈரக் கழிவு ஒரு கூடை. திரும்ப இலை மூணு, ஈரம் ஒண்ணு. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒரு சொட்டுத் தண்ணி வரணும், ரெண்டாவது சொட்டு வரக்கூடாது. பத்து நாளைக்கு ஒரு தடவை கிளறி விடணும். மூணாவது நாள் சூடு பிடிக்கும். அறுபதாவது நாள் புதுமழை பெஞ்ச மண்ணு மாதிரி மணக்கும். இதுக்கு முன்னாடி பதினேழு குவியல் போட்டிருக்கேன் சார். ஒண்ணுகூட இப்படிப் போனதில்ல."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கொலை வழக்கு நோட்டில் முதல் வரி 'சுள்ளி' என்று ஆரம்பிப்பது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவரிடமும் ஒரு நோட்டு இருந்தது. எஞ்சின் ஓட்டிய காலத்துப் பழக்கம். தினமும் காலை ஆறு பத்துக்குக் குவியலின் நாலு மூலையிலும் இரும்புக் கம்பியைச் செருகி, ஐந்து நிமிஷம் கழித்து உருவி, தொட்டுப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். முதல் பக்கங்களில் 'சூடு: தாங்க முடியவில்லை' என்று இருந்தது. பிறகு 'தாங்கலாம்'. பிறகு 'வெதுவெதுப்பு'. கடைசிப் பக்கத்தில் சூட்டுக்கு நேராக 'வருத்தம்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகமெல்லாம் இல்ல. ஆளே தெரியும்." பக்கவாட்டுச் சுவரைக் காட்டினார். இடுப்பளவுச் சுவர். நடுவில் ஒரு சின்னக் கதவு. அதில் இப்போது பெரிய பூட்டு. "அந்தப் பக்கம் என் சம்பந்தி வீடு. என் மகனுக்குப் பொண்ணு கொடுத்தவர். முன்பக்கம் சலவைக்கடை வச்சிருக்கார். அவருக்கு என் குவியல் மேல ஒரு கண்ணு. துணி துவைக்கிற கண்ட தண்ணியையும் இதுல ஊத்திக் கொன்னுட்டார். எட்டு நாளா பேச்சு வார்த்தை இல்ல. சாயங்காலம் நாலு மணிக்குக் கொத்தனார் வர்றார். அந்தக் கதவை எடுத்துட்டு இந்தச் சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பப் போறேன். அதுக்குள்ள நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா, மனசாட்சி உறுத்தாம எழுப்பிடுவேன்."

சுவரோரம் செங்கல் அடுக்கித் தயாராக இருந்தது.

அப்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு அவருடைய மருமகள் வந்தாள். தட்டில் மூன்று டம்ளர் தண்ணீர். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். கணவன் வெளியூர் வேலை, மாதத்துக்கு இருமுறை வருபவன். மணிக்கட்டில் வளையலுக்குப் பதில் நாலைந்து ரப்பர் பேண்டுகள் போட்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் மாமனார், நடுவில் செங்கல் என்றால் யாருக்குத்தான் சிவக்காது?

"சார், நீங்க நிஜமாவே கண்டுபிடிச்சிடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என் கையில வந்த கேஸ் எதுவும் தப்பினதில்லம்மா," என்றேன்.

"வந்தாத்தானே தப்பறதுக்கு," என்றாள் தங்கை.

அந்தப் பெண்ணின் குரலில் இருந்தது என் திறமை மேல் உள்ள வியப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். அது பயம் என்பது எனக்கு உறைக்க இன்னும் ஐந்து மணி நேரம் ஆகவேண்டியிருந்தது.

டிரைவர் வாசலுக்குப் போனதும் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். வேலை என்றால், தங்கை ஒரு குச்சியை எடுத்துக் குவியலைக் குத்திக் கிளறினாள். நான் தாடையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, இங்க வா. சுவர்ப் பக்கம் கையை வை."

வைத்தேன். லேசான சூடு இருந்தது.

"இப்போ இந்தப் பக்கம், சமையல்கட்டு ஓரம்."

வைத்தேன். கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. கையில் பிசுபிசுப்பாக எதுவோ ஒட்டியது. துப்பறிவாளனுக்கு இரும்பு மனசு வேண்டும். நான் கையை அவள் கைக்குட்டையில் துடைத்தேன்.

"சுவர்ப் பக்கம் உயிர் இருக்கு. வீட்டுப் பக்கம் செத்துக் கிடக்கு," என்றாள். "சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தர் ஊத்தினா, சுவர்ப் பக்கம்தானே முதல்ல சாகணும்?"

அருமையான துப்பு. இந்த வழக்கின் பாதி அதிலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதை என் தங்கை சொல்லியிருந்தாள் என்பதால் நான் அதற்கு உரிய மரியாதை கொடுக்கவில்லை. "நல்லா வீசி ஊத்தியிருப்பார்," என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து, அந்தக் குளிர்ந்த மூலையில் பலகை காய்ந்திருந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை அவள் காட்டினாள். சுண்ணாம்பு மாதிரி ஒரு பொருக்கு.

"விஷமா இருக்குமோ?" என்றேன்.

"ருசி பார்த்தா தெரிஞ்சிடும். பயப்படாதே, வீட்டுலயே மருந்துக் கடைக்காரம்மா இருக்காங்க."

மற்ற ஊர்த் துப்பறிவாளர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். எனக்கு நாக்கு மட்டும்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, விரல் நுனியால் தொட்டு, நுனி நாக்கில் வைத்தேன். சுரீரென்று உப்புக் கரித்தது.

"உப்பு!" என்றேன். உடனே என் மூளையில் விளக்கு எரிந்தது. "சலவைக்கடையில துணி வெளுக்க என்ன போடுவாங்க?"

"சோடா."

"வெறும் சோடா இல்ல. சோடா உப்பு! பேர்லயே உப்பு இருக்கு பார். ஆளைப் பிடிச்சுட்டேன்."

தங்கை என்னை அன்பாகப் பார்த்தாள். குளியலறைக் கதவில் சட்டையை மாட்டிவிட்டு வீடு முழுக்கச் சட்டையைத் தேடும் ஒருவனைப் பார்க்கும் அன்பு. "சரி அண்ணே. அப்போ இதையும் வச்சுக்கோ," என்று உள்ளங்கையை நீட்டினாள்.

இருபது, இருபத்தைந்து விதைகள். எலுமிச்சை விதைகள். பழுப்பேறி, ஊறி உப்பியிருந்தன.

"எல்லாம் அந்தக் குளிர்ந்த மூலையில இருந்தது. தக்காளி விதை பார், குவியல் ஓரமெல்லாம் முளைச்சு நிக்குது. பூசணி விதை முளைச்சிருக்கு. இதுல ஒண்ணுகூட முளைக்கல. ஏன்?"

"சோம்பேறி விதை," என்றேன்.

சமையலறைக் கதவின் பின்பக்கம் டிரைவர் கையால் எழுதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. குவியலில் போடக் கூடாதவை: எண்ணெய்ப் பண்டம், இறைச்சி, எலுமிச்சை. மூன்றாவதன் கீழ் இரண்டு கோடு வேறு. டிரைவரைக் கூப்பிட்டு விதைகளைக் காட்டினோம்.

"எலுமிச்சையா? என் குவியல்லயா?" என்று பதறினார். "தோல் பட்டாலே புழு ஓடிடுமே! இந்த வீட்டுக்குள்ள எலுமிச்சையே வர்றதில்லயே..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கண்கள் தோட்டத்து மூலையில் இருந்த கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகைக்கு ஓடித் திரும்பின. "எனக்குக் கொஞ்சம் படுக்கணும். டாக்டர் வெயில்ல நிக்கக் கூடாதுன்னார்," என்று உள்ளே போய்விட்டார்.

"பார்த்தியா அவர் பார்வையை?" என்றாள் தங்கை.

"பார்த்தேன். துக்கம்," என்றேன்.

பிற்பகல் இரண்டரைக்குச் சலவைக்கடைக்குள் நுழைந்தோம். டிரைவரின் சம்பந்தி ஒல்லியான மனிதர். ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டையின் காலரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். பின்னால் வெளுத்த துணி மூட்டைகள். ஒவ்வொன்றும் வெள்ளை நூலால் ஒரே மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியது.

விசாரணையில் எனக்குத் தெரிந்த உத்தி ஒன்றே ஒன்றுதான். அதைப் பயன்படுத்தினேன்.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு," என்றேன்.

இஸ்திரிப் பெட்டி ஆடியது. "யார் சொன்னா? சம்பந்தியே சொல்லிட்டாரா?"

எனக்கே ஆச்சரியம். இந்த உத்தி இதுவரை பலித்ததே இல்லை. "யார் சொன்னாங்கங்கிறது முக்கியமில்ல. எத்தனை நாளா நடக்குது?"

"ஆறு வாரமா சார். சனிக்கிழமை சனிக்கிழமை. சுவத்துக்கு மேல கை நீட்டித்தான்."

"ஒவ்வொரு தடவையும் எவ்வளவு?"

"ஒரு ஜாடி. முதல்ல கொஞ்சமாத்தான் உப்புப் போட்டேன். அவர் பத்தலைன்னார். அடுத்ததுல ரெண்டு கைப்பிடி போட்டேன். அதுவும் பத்தலைன்னார்."

"ஒத்துக்கறீங்களா? உப்பை நீங்கதான்..." என்று வேகமாக எழுதிக்கொண்டு வந்தவன் பேனாவை நிறுத்தினேன். "யார் பத்தலைன்னது?"

"சம்பந்திதான்."

"அவரே கேட்டு வாங்கிப் போடச் சொன்னாரா? தன் குவியல்லயா?"

"குவியலா? எந்தக் குவியல்?" சலவைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் சொல்றது உப்பு எலுமிச்சை சார். ரெண்டு மாசம் முன்னாடி சம்பந்தி தோட்டத்துல மயங்கி விழுந்தார் இல்ல? ரத்தக்கொதிப்புன்னு டாக்டர் உப்பையே நிறுத்திட்டார். ஒரு நாள் சுவரோரம் வந்து கண்ணுல தண்ணி விடாத குறையாக் கேட்டார். 'வாய் செத்துப் போச்சு சம்பந்தி, உங்க கையால ஒரு ஜாடி எலுமிச்சை ஊறப் போட்டுக் கொடுங்க, யாருக்கும் தெரிய வேண்டாம்'னார். மனசு கேக்கல. கொடுத்துட்டேன்."

கொலைகாரனைப் பிடிக்க வந்த இடத்தில் ஊறுகாய்க்காரரைப் பிடித்திருந்தேன். தங்கை சிரிப்பை அடக்க ஒரு துணி மூட்டையின் முடிச்சை உற்றுப் பார்த்தாள்.

"கொடுத்ததுக்கு நன்றியாவது உண்டா?" சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்தி வைத்தார். "உப்பே இல்லங்கறார். கடைசி ஜாடியில எலுமிச்சையை உப்புக்குள்ள புதைச்சே கொடுத்தேன் சார். பாதி ஜாடி உப்புதான். அதையும் தின்னு பார்த்துட்டு, 'உங்க கைப்பக்குவம் போயிடுச்சு சம்பந்தி'ன்னுட்டார். அது கூடப் பரவாயில்ல. அடுத்த வாரமே நான்தான் குவியலைக் கெடுத்தேன்னு தெரு கேட்கக் கத்தினார். இப்போ சுவர் எழுப்பப் போறார். என் பொண்ணை இனிமே நான் சுத்திக்கிட்டு வாசல் வழியாப் போய் மணியடிச்சுப் பார்க்கணும்."

வெளியே வந்ததும் தங்கை என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, கணக்குப் போடு. பாதி ஜாடி உப்பு இந்த வீட்டுல இருந்து கிளம்புது. அந்த வீட்டுக்காரர் நாக்குக்கு வந்து சேரல. உப்பு வழியில எங்க இறங்கிச்சு?"

இந்தத் தடவை எனக்கே புரிந்துவிட்டது. என் நாக்கில் இன்னும் கரித்துக்கொண்டிருந்தது. "குவியல்ல! அதான் விதையெல்லாம் முளைக்கல. உப்புல ஊறின விதை!"

"சோம்பேறி விதை இல்லையே?"

"அதை மறந்துடு," என்றேன்.

நேராகத் தகரக் கொட்டகைக்குப் போனோம். மண்வெட்டி, பூவாளி, கிழிந்த சாக்கு, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். நான் சாக்குகளை உதறி, பூவாளிக்குள் எட்டிப் பார்த்து, கூரையைத் தட்டி ரகசிய அறை தேடினேன். தங்கை இடது பூட்ஸுக்குள் கைவிட்டு ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தாள். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. உள்ளே எலுமிச்சைத் துண்டுகள்.

"சலவைக்கடைத் துணி," என்றேன்.

"துணி அவரோடது. கட்டு அவரோடது இல்ல." அவள் தையல்காரி, முடிச்சு விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. "அவர் எதைக் கட்டினாலும் நூல்ல இரட்டை முடிச்சுப் போடறார். இதுல நூல் போட்டிருந்த தடம் அப்படியே இருக்கு. ஆனா இப்போ கட்டியிருக்கிறது ரப்பர் பேண்டு. நடுவுல யாரோ பிரிச்சிருக்காங்க. அந்த முடிச்சைத் திரும்பப் போடத் தெரியல."

துணியை விலக்கி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். துப்பறிவாளன் என்றால் அன்றைக்கு எனக்குத் தின்கிற வேலைதான். புளித்தது. உப்பு ஒரு சிட்டிகைகூட இல்லை. வெந்து கொழகொழத்த எலுமிச்சையும் வினிகரும். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமான ஒன்றை நான் தின்றதில்லை. அன்று காலை நக்கியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"ஆக, குற்றவாளி யாருன்னா..." என்று திரும்பினேன்.

கொட்டகை வாசலில் மருமகள் நின்றிருந்தாள். மணிக்கட்டில் அந்த ரப்பர் பேண்டுகள். மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு வைத்திருப்பது. இவ்வளவு நேரமும் என் கண்ணெதிரே இருந்தது.

"நான்தான்," என்றாள். "மாமாகிட்ட நீங்க சொல்லாதீங்க. நானே சொல்லிடறேன்."

"எதை என்கிட்ட சொல்லக் கூடாது?"

டிரைவர் அவளுக்குப் பின்னால் வந்திருந்தார். என் கையில் இருந்த ஜாடியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. எதையோ ஒளித்து வைத்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி அறுபத்தெட்டு வயது மனிதர் நின்றார்.

"நீங்க இதை வச்சிருக்கிறது முதல் வாரமே எனக்குத் தெரியும் மாமா," என்றாள் அவள். "பூட்ஸைக் கழுவ எடுத்தேன், கனமா இருந்துச்சு. யார்கிட்ட சொல்றது? உங்க மகன்கிட்ட சொன்னா எங்க அப்பாவோட சண்டைக்குப் போவார். அப்பாகிட்ட சொன்னா, உங்களைச் சாகடிக்கப் பார்த்தோமேன்னு உடைஞ்சு போயிடுவார். உங்ககிட்ட சொன்னா வேற இடத்துல ஒளிப்பீங்க. அதான் ஒவ்வொரு தடவையும் நீங்க தூங்கறப்போ எடுத்து, உள்ள இருந்ததைக் கொட்டிட்டு, நானே வேற எலுமிச்சையை உப்பில்லாம வேக வச்சு, வினிகர் ஊத்தி, அதே ஜாடியில வச்சேன்."

"கொட்டினதை..." என்று டிரைவர் இழுத்தார்.

"குப்பைத் தொட்டியில போட்டா நீங்க தினமும் கிளறிப் பார்ப்பீங்க. சிங்க்ல ஊத்தி உப்பைக் கரைக்கணும்னா பத்து நிமிஷம் குழாயைத் திறக்கணும். குழாய்ச் சத்தம் கேட்டாலே நீங்க 'யாரு தண்ணிய வீணாக்கறது'ன்னு எழுந்து வந்துடுவீங்க. எலுமிச்சை கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க, ஆனா பொடியா நறுக்கினா எதுவும் மக்கிடும்னு நீங்கதானே மாமா சொல்லுவீங்க? சமையல்கட்டுக் கதவு ஓரமா குழி பறிச்சு, பொடியா நறுக்கிப் போட்டு மூடிட்டேன். நீங்க விழுந்ததுக்கப்புறம் குவியலைக் கிளறி விடறதும் நான்தானே, அந்த மூலையை மட்டும் தொடாம விட்டேன். அப்பா வாரா வாரம் உப்பை ஏத்திக்கிட்டே போவார்னு எனக்குத் தெரியாது."

நான் மனசுக்குள் வரிசையாகப் பார்த்தேன். இவர் உப்பு இல்லை என்றார், அவர் உப்பை ஏற்றினார், இவள் அதைக் குவியலில் கொட்டினாள், குவியல் செத்தது, இவர் அவரைக் கொலைகாரன் என்றார். ஒருவர் மீதும் வழக்குப் போட முடியாது. எல்லோர் மீதும் போடலாம்.

"போன வாரம் டாக்டர், ரத்தக்கொதிப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு, மாத்திரை பிரமாதமா வேலை செய்யுதுன்னார்," என்றார் டிரைவர் யாரிடமோ பேசுவது போல. "எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. நாம உப்பு எலுமிச்சையா தின்னு தீர்க்கறோம், இந்தாளுக்குத் தெரியலயேன்னு."

"குவியலைக் கெடுத்தது என் தப்புதான் மாமா. என்ன வேணும்னாலும் திட்டுங்க." அவள் தோட்டத்து மண்ணைக் காட்டினாள். "அன்னைக்கு நீங்க இங்கதான் விழுந்தீங்க. வாய் ஒரு பக்கமா இழுத்திருந்துச்சு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தீங்க, பேச்சு வரல. இன்னொரு தடவை அப்படி ஒரு நாளை என்னால பார்க்க முடியாது. அதுக்குப் பதிலா எத்தனை குவியல் போனாலும் போகட்டும்."

அந்த நேரம் பார்த்துக் கொத்தனார் வாசலில் வந்து குரல் கொடுத்தார்.

"நாலு மணியாச்சுங்களே! எங்க சுவர்?"

டிரைவர் அவரைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார். "சுவர் இல்லப்பா. உங்க மண்வெட்டியைக் கொஞ்சம் கொடுங்க," என்றார். பிறகு சட்டைப் பையில் துழாவிச் சாவியை எடுத்துச் சின்னக் கதவுக்குப் போனார். பூட்டு திறந்த சத்தம் கேட்டுச் சலவைக்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். இருவருக்கும் இடையில் என்ன பேச்சு நடந்தது என்று துல்லியமாக எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். தங்கை அதைப் பிடுங்கி மூடிவிட்டாள்.

உப்பேறிய எரு செடிக்கு ஆகாது. வேரைச் சுட்டுவிடும். எனவே அந்தக் குவியலை அடியோடு வாரிச் சாக்கில் கட்டியாக வேண்டியிருந்தது. டிரைவரைக் குனியக் கூடாது என்று மருமகள் உட்கார வைத்துவிட்டாள். கொத்தனாரும் சலவைக்காரரும் வாரினார்கள். எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். மூன்றாவது முறை வாரியதும் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. தங்கை என்னை நகர்த்திவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். அடியில் இருந்த சுள்ளி வரைக்கும் எடுத்து முடித்தபோது ஐந்தரை மணி. பதினெட்டாவது குவியல் இருந்த இடத்தில் சதுரமாக ஈர மண் மட்டும் மிச்சம்.

டிரைவர் என்னிடம் கையை நீட்டினார். ஜாடி இன்னும் என்னிடம்தான் இருந்தது. கொடுத்தேன்.

எல்லோர் எதிரிலும் ரப்பர் பேண்டைக் கழற்றி, துணியை விலக்கி, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிதானமாக, கடைசி வரை மென்று விழுங்கினார்.

"கண்றாவியா இருக்கும்மா," என்றார்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆறு வாரமா இதைத் திருட்டுத்தனமா தின்னிருக்கேன். அதுதான் வயித்தெரிச்சல்." ஜாடியை அவள் கையில் வைத்தார். "நாளையிலேர்ந்து சாப்பாட்டு மேசையிலயே வை. எல்லார் முன்னாலயும் திங்கறேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சலவைக்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "கண்ணு, அப்பாவுக்கும் ஒண்ணு கொடு," என்றார். வாங்கி வாயில் போட்டவர் முகம் எட்டுக் கோணலாகப் போனது. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

சம்பந்திகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, ஜாடியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்தார்கள்.